பொறிகள் பல, ஆட்டம் ஒன்று



வெவ்வேறு ஊர்களில் இருப்போர் வலைப்பின்னல் வழியே ஒன்றுகூடி ஆடும் கணிப்பொறி விளையாட்டுக்களை நீங்கள் அறிவீர்கள். ஒருவரிடம் விண்டோஸ் கணிப்பொறி, மற்றொருவரிடம் லினக்ஸ், வேறொருவரிடம் ஆண்ட்ராய்டு கைப்பேசி. பொறிகள் பல; ஆட்டமோ ஒன்று. ஆட்டக்காரரின் பொறியில் இயங்கும் நிரலைக் 'கிளையண்ட்' என்றும், அனைவருக்கும் பொதுவாக நடுவே இயங்குவதைச் 'சர்வர்' என்றும் வழங்குகிறோம். எல்லாப் பொறிகளுக்கும் ஏற்ற கிளையண்டைத் திட்டமிடுவது எங்ஙனம்? இதுவே நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

முதன்முதல் இம்முயற்சியில் இறங்கியபோது, திரையின் அழகிலேயே என் மனம் சென்றது. வண்ணங்களும் படங்களும் நன்கு அமைந்தன. பின்பு பவர்பிசி சில்லு கொண்ட பழைய மாக்கின்டாஷ் ஒன்றை இணைத்தேன். இன்டெல் சில்லில் இயங்கிய சர்வர், 'உன்னிடம் 258 பொற்காசுகள்' என்று சொல்லியனுப்பியது. மாக்கின்டாஷ் திரையிலோ 513 காசுகள்! இந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது?

258 என்பதை இரண்டு பைட்டுகளில் எழுதினால் 1, 2 என்றாகும். ஒன்றை 256-ஆல் பெருக்கி, இரண்டைக் கூட்டுகிறோம். இன்டெல் சில்லு சிறிய பங்கை முன்னே வைக்கும். அந்த மாக்கின்டாஷோ பெரிய பங்கை முன்னே எதிர்பார்க்கும். ஆகவே அது 2, 1 என்று படித்து, 513 எனக் கணக்கிட்டது.

இந்த வழக்குக்கு 1980-இல் டானி கோஹன் என்ற அறிஞர் வேடிக்கையான பெயர் சூட்டினார். முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று லில்லிபுட் மக்கள் பூசலிட்டதாக ஸ்விஃப்ட் 1726-இல் வெளியான தம் நூலில் எழுதினார் அல்லவா? அக்கதையிலிருந்தே 'பெருமுனையர்', 'சிறுமுனையர்' என்ற பெயர்களைக் கோஹன் எடுத்துக்கொண்டார். எந்த முனை என்பதைவிட, எல்லோரும் ஒரே முனையை ஒப்புக்கொள்வதே முக்கியம். இணையத்தின் அடிப்படை விதிகள் பெரிய பங்கை முன்வைக்கும் முறையை ஏற்றுள்ளன.

ஆகவே, திட்டத்தின் முதற்படி திரையன்று, உடன்படிக்கை. எந்தச் செய்தி, எத்தனை பைட்டுகள், எந்த வரிசை என்பதை முதலில் எழுதிவைக்க வேண்டும். இரண்டாவது, தீர்ப்புச் சொல்லும் உரிமை சர்வருக்கே இருத்தல் வேண்டும். கிளையண்ட் விண்ணப்பிக்கலாம், விதியை மாற்றலாகாது. மூன்றாவதாகவே திரை. பொறிக்குப் பொறி மாறுவதையெல்லாம் ஒரு மெல்லிய அடுக்கில் ஒதுக்கிவிட்டால், ஏனைய பகுதி எங்கும் மாறாது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 'ஃப்ரீசிவ்'. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக மாணவர் மூவர் 1995-இல் தொடங்கிய விளையாட்டு இது. விதிகளைச் சர்வரிடமே வைத்ததால், தோற்றத்தில் வேறுபட்ட பல கிளையண்டுகள் பின்னாளில் தோன்றியும் ஆட்டம் குலையவில்லை. இணையும்போதே இரு தரப்பும் தம் திறன்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்ளும். இன்றியமையாத ஒன்று பொருந்தாவிடில் இணைப்பு மறுக்கப்படும். நடு ஆட்டத்தில் பிழைபடுவதைவிட வாயிலிலேயே மறுப்பது நேர்மை.

தோற்றவன் தன் தோல்வியை ஏன் ஏற்கிறான்? அனைவருக்கும் ஒரே விதி என்ற நம்பிக்கையால். என் திரை பொய்யாகக் காட்டிய 513 காசுகள் அந்த நம்பிக்கையையே குலைத்திருக்கும். அதைக் காப்பதே திட்டமிடுவோரின் முதற்கடமை.