உரப்பையும் மண்பானையும்

வேளாண்மை வெட்டுக் காலம் வந்தால் வரிப்பத்தான்சேனை, இறக்காமம் பக்கத்து வட்டைகளில் வெங்கிணாந்தி தட்டுப்படுவது புதினமில்லை. குளமும் வாய்க்காலும் எலியும் உள்ள இடத்தில் மலைப்பாம்பு இருக்கத்தான் செய்யும். வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கியதும் பதுங்க இடமில்லாமல் வரம்புக்கு ஏறும். நாலு பேர் சேர்ந்து பிடித்து உரப்பைக்குள் போட்டுக் கட்டிவிடுவார்கள். அடித்துக் கொல்லாமல் உயிரோடு ஒப்படைக்கும் எண்ணம் ஊர்களில் வளர்ந்து வருவது பெரிய காரியம். ஆனால் அந்தப் பை சில வேளை இரண்டு மூன்று நாளாக விறாந்தையிலேயே கிடந்துவிடுகிறது. பிள்ளைகள் ஆசைப்பட்டால், உடைந்த மீன் தொட்டிக்கோ வெற்றுப் பீப்பாவுக்கோ பாம்பு இடம் மாறுகிறது. வருத்தம் தொடங்குவது அங்கேதான்.

பாம்பின் தோல் வருத்தங்களில் பெரும்பகுதி அதை அடைத்து வைத்த இடம் கொடுத்தவை. இடத்தைத் திருத்தாமல் மருந்து பூசினால் புண் ஆறாது; ஆறினாலும் திரும்ப வரும்.

உரப்பையையே எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் நார், காற்று போதாது. உள்ளே ஒட்டிக் கிடக்கும் உர மிச்சம் ஈரத்தை இழுத்துக் கசியும். வெளியே வர வழி தேடும் பாம்பு மூக்கை உரசி உரசித் தோலைக் கிழித்துக்கொள்ளும். தன் கழிவிலேயே கிடப்பதால் வயிற்றுச் செதில்கள் ஊறும். முதலில் செதிலின் ஓரம் சிவக்கும், அல்லது மஞ்சள், பழுப்பு நிறம் ஏறும். பிறகு நீர்க்கொப்புளம், அது உடைந்தால் புண். சூடோமோனாஸ், ஏரோமோனாஸ் போன்ற பக்டீரியாக்கள் அந்த வழியால் இரத்தத்துக்குள் இறங்கிவிட்டால் பாம்பைக் காப்பாற்றுவது கடினம். முதுகு பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பாம்பைத் திருப்பி வயிற்றைப் பார்க்க வேண்டும்.

ஆரம்ப நிலையில் செய்யக்கூடியது எளிது. பழைய மண், உமி, துணி எல்லாவற்றையும் அகற்றிவிட்டு வெள்ளைத் தாள் விரிக்க வேண்டும். நனைந்தவுடன் மாற்ற வேண்டும். போவிடோன் அயடீனை வெறுந்தேநீர் நிறத்துக்கு வரும்வரை தண்ணீர் விட்டுப் புண்ணைத் துடைக்கலாம். கொப்புளம் கண்டால் மிருக வைத்தியரிடம்தான் போக வேண்டும். பாம்பின் உடல் மருந்தை மிக மெதுவாகவே வெளியேற்றும் என்பதால் அளவும் இடைவெளியும் மாட்டுக்கோ பூனைக்கோ கொடுப்பதுபோல் இராது. மண்ணெண்ணெய் பூசுவது, கூட்டைப் பினைல் ஊற்றிக் கழுவுவது இரண்டும் வேண்டாம். பீனோல் வகைக் கிருமிநாசினி ஊர்வனவற்றுக்கு நஞ்சு.

நம் கரையில் இந்த வருத்தங்களுக்குப் பருவமும் உண்டு. வாடை பெயர்ந்து மாரி பிடித்தால் எல்லாம் ஊறிக் கிடக்கும். செதில் அழுகல் அப்போதுதான் கூடும். கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று காய்ந்துவிடும். அப்போது சட்டை சரியாகக் கழலாது.

சட்டை கழற்றுமுன் பாம்பின் கண் நீலம் கலந்த பால் நிறமாகும். இமை இல்லாத அந்தக் கண்ணை மூடியிருப்பதும் ஒரு செதில்தான். பழைய தோலுக்கும் புதுத்தோலுக்கும் இடையில் நீர் சுரப்பதால் வரும் மங்கல் அது. சில நாளில் கண் தெளியும். பிறகு உதட்டிலிருந்து தொடங்கி, கண் மூடியும் சேர்ந்து, சட்டை ஒரே துண்டாக உள்வெளி புரண்டு வர வேண்டும். துண்டு துண்டாக வந்தால் ஈரம் போதவில்லை, அல்லது உரச எதுவும் இல்லை. கைக்குச் சூடாகத் தெரியாத தண்ணீரில், 28 முதல் 30 பாகை செல்சியஸ் போதும், அரை மணி நேரம் ஆழமில்லாமல் விட்டு, ஈரத் துவாய்க்குள் ஊர விட்டால் மிச்சம் கழன்றுவிடும். வால் நுனியில் வளையமாக ஒட்டியிருப்பதைக் கவனிக்காமல் விட்டால் இரத்தம் ஓடாமல் நுனி கருகி விழும். கண்ணில் ஒட்டியதை மட்டும் நகத்தால் கிள்ளவே கூடாது. கண் போய்விடும்.

பாம்பு நாள் முழுக்கத் தண்ணீர்ச் சட்டிக்குள்ளேயே கிடந்தால் சட்டியின் அடியைப் பாருங்கள். கசகசா அளவில் கறுப்பாகக் கிடந்தால் அது சிற்றுண்ணி. இரத்தம் குடித்த பெண் உண்ணி பாம்பை விட்டு இறங்கிக் கூட்டின் இடுக்கில் முட்டையிடும். இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். பாம்பை மட்டும் கழுவினால் அதனால்தான் பலனில்லை. மரத்துண்டுகளை எரித்து, கூட்டை வெந்நீரால் கழுவி, அதே வேலையைத் திரும்பவும் செய்ய வேண்டும். உண்ணிக்கான மருந்தாக ஐவர்மெக்டின் இருக்கும் வீட்டில் ஆமையும் இருந்தால் மிகக் கவனம்: ஆமையை அது கொன்றுவிடும்.

நல்ல கூடு எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டின் இருளர்களிடம் கற்கலாம். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், 1978 இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, முறிமருந்துக்காக நஞ்செடுத்து, சில வாரங்களில் காட்டிலேயே திரும்ப விடுகிறார்கள். அந்த வாரங்களில் பாம்பு இருப்பது மண்பானையில். அடியில் மணல், வாயில் இழுத்துக் கட்டிய பருத்தித் துணி. சுட்ட மண் சுவாசிக்கும், வெக்கை ஏறாது; மணல் ஈரத்தை வாங்கும்; துணியால் காற்று போகும்; இருட்டில் பாம்பு பதற்றமில்லாமல் சுருண்டு கிடக்கும். பாம்பு கேட்கும் நாலும் ஒரு பானையில் அடங்கிவிட்டன. எத்தனையோ விலையுயர்ந்த கண்ணாடிப் பெட்டிகளில் இது இல்லை.

நமக்கு அருகில், ஆலையடிவேம்புப் பிரிவின் அளிக்கம்பையில், பாம்போடு ஊர் ஊராக வந்தவர்களின் வழிவந்த தெலுங்கு பேசும் மக்கள் வாழ்கிறார்கள். பாம்பைக் கையாளத் தெரிந்த அந்தப் பழைய கைப்பழக்கத்தைப் பாம்பு மீட்புக்கு அழைத்துப் பயன்படுத்தாமல் இருப்பது நம் நட்டம்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பந்து மலைப்பாம்பு வளர்க்கும் நம் பிள்ளைகளுக்குப் பிரச்சினை வேறு. அங்கே மாரிகாலத்தில் வீட்டுச் சூடாக்கி காற்றை உலர்த்திவிடும், சட்டை ஒட்டும். சூட்டு விளக்குக்கு வலையும் வெப்பக் கட்டுப்படுத்தியும் இல்லாவிட்டால் தோல் வெந்துபோகும். சூடு சுடுகிறது என்று பாம்பு விலகிப் போகும் என நம்பக் கூடாது. ஒரு பக்கம் 32 பாகை, மறுபக்கம் 26 என்று இரண்டு சூடும், இரு பக்கமும் பதுங்க இடமும் வேண்டும்.

இங்கே கதை அதுவல்ல. வெங்கிணாந்தி, 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிர். வீட்டில் வளர்ப்பது குற்றம். அது வயலில் எலி பிடிக்கும் வேலைக்காரன். மீன் தொட்டிக்குள் அதற்கு வேலையில்லை. எனவே பிடிபட்டால் சுத்தமான பருத்தித் தலையணை உறைக்குள் விட்டு வாயைக் கட்டி, நிழலில் வையுங்கள். தீனி கொடுக்க வேண்டாம். மேலே சொன்ன வைத்தியம் வளர்ப்புப் பாம்புக்கு; இதற்குப் புண் இருந்தாலும் நீங்கள் எதையும் பூச வேண்டாம். அன்றைக்கே வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள்.