எட்டாயிரம் கிலோமீட்டரும் ஏஜென்ட்டின் போன் நம்பரும்

லண்டனிலிருந்து சென்னைக்கு நேர்வழியில் சுமார் 8,200 கி.மீ. வரும்போது பத்து மணி நேரம் பறக்கிறோம் என்றால், போகும்போது மேல்வானக் காற்று எதிர்த்து வீசுவதால் இன்னும் கொஞ்சம் கூடும். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மட்டுமே நாம் இந்தக் கணக்கைப் பார்க்கிறோம். ஆனால் விமானம் காலை வாரினால் கைக்கு எவ்வளவு வரும் என்பதும் இதே கணக்கில்தான் இருக்கிறது.

பிரிட்டன் சட்டம் தூரத்தைப் பார்க்கிறது. 1,500 கி.மீ. வரை 220 பவுண்டு, 3,500 வரை 350, அதற்கு மேல் 520. சென்னை கடைசி வகை. மூன்று மணி நேரம் தாமதமானால் உரிமை பிறக்கும். நான்கைத் தாண்டாவிட்டால் பாதித்தொகை. சக்கரம் தரையைத் தொட்ட நேரம் கணக்கில்லை, கதவு திறந்த நேரமே கணக்கு. அந்த நொடியில் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். புயல், மூடுபனி என்றால் நிறுவனம் தப்பிக்கலாம். சாதாரண இயந்திரக் கோளாறைக் காரணம் காட்டித் தப்ப முடியாது.

நடுவில் துபாயில் மாறினால்? ஒரே பி.என்.ஆரில் டிக்கெட் இருந்தால் லண்டன்–சென்னை முழுத் தூரமும் ஒரே பயணம். முதல் விமானம் அரை மணி தாமதித்ததால் அடுத்ததைத் தவறவிட்டு, எட்டு மணி நேரம் கழித்துச் சென்னையில் இறங்கினாலும் 520 பவுண்டு கேட்கலாம். வளைகுடா நிறுவனங்களும் விதிவிலக்கல்ல என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. மலிவாக இருக்கிறதே என்று இரண்டு டிக்கெட்டாக வாங்கியவருக்கு இந்த உரிமை கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், அதே தூரத்தைச் சென்னையிலிருந்து கிளம்பிக் கடந்தால், பிரிட்டன் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனத்தில் ஏறியவருக்கு மட்டுமே இந்தச் சட்டம் கைகொடுக்கும். வேறு நிறுவனம் என்றால் இந்திய விதிதான்.

இந்திய விதி கிலோமீட்டரை விட்டுவிட்டு நேரத்தைப் பிடிக்கிறது. கேட்டிலிருந்து நகர்ந்து அடுத்த ஊர் கேட்டில் நிற்கும் வரையுள்ள 'பிளாக் டைம்' அளவுகோல். முறையாக முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், ஒரு மணி நேரம் வரையான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து இதைவிடக் குறைவென்றால் அதுதான். லண்டன் வரை போகிறவருக்கும் பத்தாயிரமே உச்சம்! வெறும் தாமதத்துக்குப் பணமே இல்லை. சாப்பாடு உண்டு, நீண்ட இரவுத் தாமதத்துக்கு ஓட்டல் அறை உண்டு.

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் இந்திய அரசின் 'ஏர்சேவா' புகார் தளம், அடுத்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இங்கிலாந்தில் ஆறு ஆண்டு வரை வழக்குப் போடலாம்.

பணத்தில் சேராத ஆபத்தும் ஒன்று உண்டு. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலின் சிரையில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவ்வப்போது எழுந்து நடங்கள்.

கடைசியாக, பலர் கோட்டைவிடும் இடம். புக் செய்யும்போது சரியான தொடர்பு எண் தராதவருக்கு ரத்து இழப்பீடு இல்லை என்கிறது இந்திய விதி. ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டில் பெரும்பாலும் அவருடைய நம்பர்தான் இருக்கும். விமானம் ரத்தான செய்தி அவர் போனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நீங்கள் விடியற்காலை மூன்று மணிக்கு மீனம்பாக்கத்தில் பெட்டியோடு நிற்பீர்கள்.