திரையெழுத்தும் திணைவழுவும்

"அவன் வந்தது" என்று ஒரு மாணவன் எழுதினால், அவன் சொல்லவந்த செய்தி மெய்யா பொய்யா என்று ஆராயுமுன்பே தமிழாசிரியன் சிவப்பு மையாற் கோடிடுவான். நன்னூலார் இத்தகைய வழுக்களை ஏழாகப் பகுத்தார். கணினிக்கு நிரல் எழுதுவோரும் இதனையொத்த காவலொன்றை அமைத்துள்ளனர். அத்துறை புகுந்த பழைய மாணவர் இதனை நன்கறிவர்; ஏனையோர்க்காகவே இதனை எழுதலானேன்.

கல்லூரிக் கிரிக்கெட் ஆட்டமொன்றை இரத்தினபுரியிலிருந்து இணையவழி நேரலையாக ஒளிபரப்புகின்றோம் எனக் கொள்வோம். பலாங்கொடை, இறக்குவானை, எட்டியாந்தோட்டைத் தோட்டங்களிலுள்ள பெற்றோர் கைபேசியிற் காண்கின்றனர். திரையின் அடியில் ஓட்டங்களைக் காட்டும் பட்டியை ஆக்குதற்கு நோட்சிஜி என்னும் இலவச மென்பொருட் சட்டகம் உண்டு. எண்களை இடுவதற்குரிய கட்டுப்பாட்டுப் பலகை, நேயர் காணும் வரைகலை, சேவையகத்தில் இயங்கும் நீட்சி ஆகிய மூன்றும் அதன் உறுப்புகள். ரெப்ளிகண்ட் எனப்படும் பொதுத்தரவை இவை பகிர்தலால், ஓரிடத்துப் பிழை எல்லாவிடத்தும் பரவும்.

ஓட்டம் 120 ஆக இருக்கையில் ஒருவன் பந்தை எல்லைக்கு அடிக்கின்றான். பலகையின் கட்டத்தில் தட்டிய 120, ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு எண்ணன்று, எழுத்துத்தொடர். அதனோடு 4ஐக் கூட்டினால் 124 வாராது. 1204 என்று புணர்ந்து நிற்கும்! (நம் புணரியலார் இதற்கு உடன்படார்.)

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2012இல் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட், ஓட்டம் எண், அணிப்பெயர் எழுத்து என்று முன்னரே வகைகூற இடந்தருகின்றது. எண்ணுக்குரிய இடத்தில் எழுத்துத்தொடரை வைத்தால், நிரலை மொழிபெயர்க்கும்போதே பிழை சுட்டும். ஒளிபரப்பு அப்போது தொடங்கியிராது.

இதனை நிறுவுவோர் 'ஸ்ட்ரிக்ட்' என்னும் கடுமை விருப்பை முதல்நாளே இயக்குதல் நன்று. தரவு இன்னும் வந்துசேராத நிலையையும் அது நினைவூட்டும்; இன்றேல் மகன் பெயரைத் தேடும் தாய் 'அன்டிஃபைண்ட்' என்ற சொல்லைத் திரையிற் காண்பாள். அமைப்புக் கோப்புகளும் இரண்டு வேண்டும். நீட்சி சேவையகத்தில் இயங்குவது, பலகையும் வரைகலையும் உலாவியில் இயங்குவன. ஒன்றன் கருவி மற்றதனிடம் இல்லை.

இனி, பலர் மறப்பது ஒன்றுண்டு. மொழிபெயர்ப்பு முடிந்ததும் வகைக்குறிப்புகள் யாவும் அழிந்துவிடும். ஓடும் நிரலில் அவை இல்லை. வெளியிலிருந்து வரும் தரவைக் காப்பது ஸ்கீமா என்னும் தரவு வரைவே. ரெப்ளிகண்டுக்கு அதனை எழுதிவைத்தால், பொருந்தாத மதிப்பை நோட்சிஜி ஓடும்பொழுதே மறுக்கும். அவ்வரைவிலிருந்தே டைப்ஸ்கிரிப்ட் வகைகளை ஆக்கித்தரும் கட்டளையும் அதன் கருவித்தொகுதியில் உண்டு. ஆதலின் ஒன்றையே இருமுறை எழுதி முரண்பட வேண்டுவதில்லை.

124ஐ 142 என்று தட்டினாலோ, இரண்டும் எண்களே. எந்தக் காவலும் தடுக்காது. அதற்கு ஸ்கோர்ப் புத்தகத்தை விரித்துக்கொண்டு அருகில் ஒருவர் அமர்ந்திருக்கவேண்டும்.