கோகோபீட்ல இருக்கிற 'பீட்' எங்கேர்ந்து வந்தது?

இந்த எபிசோடு ஒரு வாய்ஸ் நோட்ல ஆரம்பிக்குது. ஆலத்தியூர்லேர்ந்து ஒரு நேயர் அனுப்பியிருந்தாங்க. அவங்க அம்மா மொட்டை மாடியில தக்காளி போட்டிருக்காங்க, அதுக்குக் கோகோபீட் கட்டி வாங்கிட்டு வந்தாங்களாம். கேள்வி ரெண்டு. இந்த 'பீட்'னா என்ன? பீட் தோண்டின நிலத்தை வெளிநாட்டுல சரிபண்றாங்களாமே, அது எங்க ஊர்ல சுண்ணாம்புக்கல் எடுத்த குழியில மழைத்தண்ணி நின்னு குளம் ஆகுற மாதிரிதானா?

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன்: இல்லை. கிட்டத்தட்ட அதுக்கு நேர் எதிர்.

கனடா, பின்லாந்து, எஸ்டோனியா மாதிரி குளிர் நாடுகள்ல ஸ்பாக்னம்னு ஒரு பாசி சதுப்பு நிலம் முழுக்கப் பரவிக் கிடக்கும். தன் எடையைப் போல இருபது மடங்கு வரை தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். மேல பச்சையா வளர்ந்துகிட்டே இருக்க, அடிப்பகுதி செத்துத் தண்ணிக்குள்ள அமுங்கிடும். அங்க ஆக்சிஜன் இல்லை, அமிலத்தன்மை வேற அதிகம், அதனால மக்காது. அப்படிச் சேருறதுதான் பீட். வருஷத்துக்குச் சுமாரா 1 மில்லிமீட்டர்தான் சேரும். ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தோண்டினா, ஆயிரம் வருஷத்தைத் தோண்டுறோம்னு அர்த்தம்.

எடுக்கிற முறை ரொம்ப எளிமை. வாய்க்கால் வெட்டித் தண்ணியை வடிய விடுவாங்க. மேல் அடுக்கு காய்ஞ்சதும் டிராக்டருக்குப் பின்னாடி ராட்சத வேக்கூம் கிளீனர் மாதிரி ஒண்ணைக் கட்டி உறிஞ்சுவாங்க. காய்ஞ்ச பீட்ல காத்து பட்ட உடனே அது மக்கத் தொடங்கி, கார்பன் டை ஆக்ஸைடை வெளிய விடும். உலக நிலப்பரப்புல 3 சதவீதம்தான் பீட் நிலம். ஆனா காடுகள்ல இருக்கிற மரம் எல்லாத்தையும் விட அதிக கார்பன் அதுக்குள்ள இருக்கு. பூந்தொட்டிக்காக இதைத் தோண்டலாமான்னு சண்டை வர்றது இதனாலதான்.

இப்போ சரிபண்ற கதைக்கு வருவோம். குழியில தண்ணி ஆழமா நின்னா ஸ்பாக்னம் பிழைக்காது. வறண்டாலும் செத்துடும். தரைமட்டத்தை ஒட்டியே ஈரம் இருக்கணும். அதனால முதல் வேலை வாய்க்காலை அடைக்கிறது. அடுத்து, பக்கத்துல நல்லா இருக்கிற சதுப்பு நிலத்துல மேலாக ஒரு 10 செண்டிமீட்டர் பாசியை எடுத்து, துண்டாக்கி, பத்து மடங்கு பரப்புல தூவுவாங்க. வெயில் படாம இருக்க மேல வைக்கோல். நாத்தங்கால் போடுற மாதிரிதான்! கனடாவின் கியூபெக்ல புவா-டி-பெல்ங்கிற இடத்துல 1999-ல இப்படி ஆரம்பிச்சாங்க. சுமார் 14 வருஷம் கழிச்சு அளந்தப்போ, அந்த நிலம் விடுற கார்பனை விடப் பிடிக்கிறது அதிகம்னு தெரிஞ்சது. பாசி திரும்பி வந்துடுச்சு, ஆனா தோண்டிப்போன மீட்டர் கணக்கான பீட் திரும்ப வரணும்னா ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும்.

நம்ம ஊர்ல பீட் இருக்கா? இருக்கு, நீலகிரியில. ஸ்பாக்னம் இல்லை, புல்லும் கோரையும் சேர்ந்து உருவான பீட். சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவுல, பள்ளத்துச் சதுப்புகள்ல. ராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் அந்த அடுக்குகளை வச்சு, இங்க இருபதாயிரம் வருஷமா மழை எப்படிக் கூடிக் குறைஞ்சதுன்னு படிச்சு 1993-ல 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. தோடர்கள் கோயில் கூரைக்கு வேய்கிற ஒரு வகைப் புல்லும் இந்தச் சதுப்புலதான் வளருது. யூகலிப்டஸும் வாட்டிலும் நட்டு, கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் தண்ணியை வடிச்சதுல நிறைய சதுப்பு போயிடுச்சு. அதனால இங்கயும் வாய்க்காலை அடைக்கிறதுலேர்ந்துதான் தொடங்கணும்.

ஆலத்தியூர் நேயருக்கு ஒரு உபரித் தகவல்: உங்க மாவட்டத்துலயே ஜெயங்கொண்டம் பக்கம் மண்ணுக்கடியில இருக்கிற பழுப்பு நிலக்கரியும் ஒரு காலத்துப் பீட்தான். கோடிக்கணக்கான வருஷம் அமுங்கி இறுகிப்போனது.

சரி, கோகோபீட். அதுல பீட் துளியும் இல்லை. தேங்காய் மட்டையிலேர்ந்து நார் உரிச்ச பிறகு மிஞ்சுற தூள், நம்ம பொள்ளாச்சிப் பக்கம் ஒரு காலத்துல ரோட்டோரம் குப்பையாக் கிடந்தது. பீட் மாதிரியே தண்ணி பிடிக்கிறதால அந்தப் பேரை ஒட்டிக்கிட்டாங்க. சதுப்பைத் தோண்டாமலே கிடைக்குது, நல்ல விஷயம். அதுக்காக இது சுத்தமான பொருள்னு நான் சொல்ல மாட்டேன். தூள்ல உப்பு அதிகம், ஏற்றுமதிக்குக் கழுவியாகணும். அந்தப் பழுப்புத் தண்ணி கிணத்துல இறங்குதுன்னு அக்கம்பக்க விவசாயிகள் புகார் சொல்றாங்க. 2021-ல தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தத் தொழிலை வெள்ளைப் பட்டியல்லேர்ந்து ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாத்துச்சு.

அம்மாகிட்ட சொல்லுங்க: கட்டியை ஊறவச்சு, தண்ணி நிறம் வெளுக்கிற வரைக்கும் ரெண்டு மூணு தடவை பிழிங்க. அதுல சத்து பெருசா இல்லை, மண்புழு உரம் கலந்தே ஆகணும். தக்காளி முடிஞ்சதும் தூக்கிப் போட்டுடாதீங்க. வேரை மட்டும் எடுத்துட்டு, காயவச்சு, அதையே அடுத்த கத்திரிக்குப் போடலாம்.