வேருக்கு எங்கே காற்று?

வீட்டுக்குள்ளேயே மரக்கறி வளர்க்க ஆசை, மண்ணில் தொடங்குவதா, மண்ணே இல்லாத தண்ணீர் முறையில் தொடங்குவதா என்று பரந்தனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பிவிசி குழாயில் ஓட்டை போட்டு, பம்பி பூட்டி, ஊதா வெளிச்சத்தில் சலாது வளர்க்கும் காணொளிகளைப் பார்த்த கையோடு எழுதியிருக்கிறார் போலும். "தொண்ணூறு வீதம் தண்ணீர் மிச்சம், இரட்டிப்பு விளைச்சல்" என்ற விளம்பர வசனமும் கடிதத்தில் அப்படியே இருக்கிறது.

முதலில் அந்தத் தொண்ணூறு வீதத்தைப் பார்ப்போம். செடி குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு இலை வழியே ஆவியாகிறது. வேர் எதில் நின்றாலும் இலை குடிப்பதைக் குறைப்பதில்லை. தரையிலிருந்து ஆவியாவதும், வேருக்கு எட்டாமல் கீழே இறங்கிப்போவதும்தான் மிச்சம். வாய்க்கால் வெட்டித் தோட்டத்துக்கு இறைப்பவரோடு ஒப்பிட்டால் அது பெரிய மிச்சம். விறாந்தையில் இருக்கும் சாடிக்குப் பேணியால் ஊற்றுபவருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

உண்மையான வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. வேர் தண்ணீர் குடிப்பது எல்லாருக்கும் தெரியும்; அது மூச்சு விடுவது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. இலை அனுப்பும் சீனியை ஒட்சிசனில் எரித்துப் பெறும் சக்தியில்தான் வேர் உப்புகளை உள்ளே இழுக்கிறது. ஒரு லீற்றர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஒட்சிசன் உண்டு. 20 பாகை வெப்பநிலையில் ஒரு லீற்றர் தண்ணீரில் கரைந்திருக்கக்கூடியது 9 மில்லிகிராம்தான். 30 பாகையில் அது ஏழரை. அதே பத்துப் பாகை ஏற்றத்தில் வேரின் சுவாசமோ ஏறத்தாழ இரட்டிக்கிறது. போதாக்குறைக்கு, தண்ணீருக்குள் ஒட்சிசன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. வேரை ஒட்டியிருக்கும் தண்ணீரில் ஒட்சிசன் தீர்ந்தால், பக்கத்தில் இருப்பது வந்து சேரும்வரை வேர் திணற வேண்டியதுதான்.

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு வரும் தனியார் பஸ்ஸை நினையுங்கள். ஒட்சிசன் ஆசனம், வேர் பயணி. வெயில் ஏற ஏற இந்த பஸ்ஸில் ஆசனம் குறைகிறது, சனம் கூடுகிறது. தொட்டிக்குக் காற்றுப் பம்பி பூட்டுவது ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விடுவதற்குச் சமம். ஓடும்வரை எல்லாம் சுகம். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்கப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்தது. அப்படியொரு நாளில் இந்த பஸ் ஓடாது.

அப்படியானால் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நிற்கும் நெல் ஏன் சாகவில்லை? நெல்லின் வேருக்குள் நீளவாக்கில் காற்றறைகள் உண்டு; இலை வழியே நுழையும் காற்று அதனூடாக வேர் நுனிவரை இறங்குகிறது. கங்குன் தண்டு குழலாக இருப்பதும் இதே தந்திரம்தான். மிளகாய்க்கும் தக்காளிக்கும் அந்த வசதி போதாது. சூடான, காற்றில்லாத தண்ணீரில் அவற்றின் வேர் மண்ணிறமாகி வழுவழுக்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் கையோடு வந்துவிட, நடு நார் மட்டும் எலிவால் போல மிஞ்சும். பித்தியம் என்ற நுண்ணுயிரியின் வேலை அது.

பம்பியே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பேர்னாட் கிராட்கி பிரபலப்படுத்தியது. மூடியுள்ள ஒரு பெட்டியில் பசளைக் கரைசலை நிரப்பி, மூடியில் துளையிட்டுச் செடியை வைக்கிறோம். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்குகிறது. மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே ஈரக் காற்று நிற்கும் வெளியொன்று உருவாகிறது. சில வாரம் கழித்து மூடியைத் தூக்கிப் பாருங்கள்: கீழ் வேர்கள் நீளமாக, மொட்டையாகத் தண்ணீருக்குள் தொங்கும், மேல் வேர்கள் குட்டையாகக் கிளைத்து, வெண்பஞ்சு போன்ற தூவிகளோடு காற்றில் நிற்கும். மிதிபலகைப் பயணிகள் இவர்கள்: உடம்பு பஸ்ஸிலே, மூக்கு வெளியிலே. தண்ணீர் குறைந்துவிட்டதே என்று இரக்கப்பட்டு மறுபடி விளிம்புவரை ஊற்றினால், கொண்டக்டர் "உள்ளுக்குப் போங்கோ" என்று எல்லாரையும் தள்ளிக் கதவைச் சாத்திய கதைதான். ஊற்றத்தான் வேண்டுமென்றால் கொஞ்சமாக ஊற்றி, மேல் வேர்களைக் காற்றிலேயே விடுங்கள்.

நல்ல மண் இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. சிறு துளைகளில் தண்ணீர், பெரிய துளைகளில் காற்று. ஆனால் வன்னியின் செங்கபில மண்ணை அப்படியே சாடியில் கொட்டினால், நனையும்போது பிசினாகும், காயும்போது கல்லாகும். பெரிய துளைகள் அடைபட்டுப் போகும். மக்கிய எருவும் தேங்காய்த் தும்புத்தூளும் தாராளமாகக் கலப்பது சத்துக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். பாதிக் காரணம் காற்று.

விளம்பரத்தின் மற்றப் பாதியான அந்த இரட்டிப்பு விளைச்சலைப் பற்றி வரலாறு என்ன சொல்கிறது என்று சுருக்கமாகப் பார்ப்போம். 1699இல் ஜோன் வூட்வேட் புதினாவைத் தண்ணீரில் வளர்த்தார். 1860களில் சாக்ஸ், நொப் என்ற ஜெர்மானியர்கள் எந்தெந்த உப்புப் போதும் என்று கண்டார்கள். 1930களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கெரிக் ஆளுயரம் தாண்டிய தக்காளிக் கொடிகளைக் காட்டிப் பத்திரிகைகளைக் கிறங்கடித்தார். அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லண்டும் ஆர்னனும் 1938இல் சோதித்துப் பார்த்துவிட்டு, நல்ல மண்ணைவிட விளைச்சல் பெரிதாகக் கூடவில்லை என்று எழுதினார்கள். அந்த வசனத்தை மட்டும் காணொளிக்காரர் எவரும் வாசிப்பதில்லை.

மண்ணுக்கு இன்னொரு குணம், பொறுமை. பசளை கொஞ்சம் கூடினாலும் களியும் மக்கும் பிடித்துவைத்துக்கொள்ளும். தண்ணீர் முறையில் தவறு அன்றே வேருக்குத் தெரிந்துவிடும். சுண்ணாம்பு கலந்த கிணற்றுத் தண்ணீரில் கரைசலின் காரத்தன்மை ஏறினால் இரும்புச்சத்து இருந்தும் செடிக்குக் கிட்டாது. நரம்பு பச்சையாக இருக்கக் குருத்திலை மஞ்சளாகும். மாரியில் பிடித்துவைத்த மழைத்தண்ணீர் இதற்கு நல்ல மருந்து. கரைசலுக்கு நம் நாட்டில் பெரும்பாலும் அல்பேர்ட் கலவைதான். அது இரசாயனப் பசளை. 2021 மே மாதம் இறக்குமதித் தடை வந்து நவம்பரில் நீங்கியது ஞாபகமிருக்கும். எருக்கும்பி உள்ள வீட்டுக்கு அந்தக் கவலை குறைவு.

ஆக, என் தீர்ப்பு இது. முதல் தடவை என்றால் மண் சாடி; மிளகாயோ தக்காளியோ எதுவானாலும். கை பழகிய பிறகு முல்லைத்தீவு மீன்காரரிடம் ஒரு பழைய ரெஜிபோம் பெட்டி வாங்கிக் கழுவி, கங்குனோ சலாதோ கிராட்கி முறையில் போடுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும், துளையில் இடைவெளி வேண்டாம். இல்லாவிட்டால் கீரைக்கு முன் டெங்கு நுளம்பு விளையும். எந்த முறையானாலும் இடம் வெயில் எட்டும் விறாந்தை ஓரமாக இருக்க வேண்டும். நண்பகல் வெயில் ஒரு இலட்சம் லக்ஸ். ரியூப் லைட் போட்ட அறை சில நூறு லக்ஸ். அறை மூலையில் வைத்த செடிக்கு மண்ணும் உதவாது, தண்ணீரும் உதவாது. கையில் இருக்கும் காசு பம்பிக்கா விளக்குக்கா என்று வந்தால், விளக்கை வாங்குங்கள். அதற்கும் முன், சாடியை வெளிச்சத்துக்கு நகர்த்திப் பாருங்கள். அதற்குக் காசே வேண்டாம்.