படித்து முடித்த புத்தகத்திடமே கேளுங்கள்

அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் பட்டியல் கொடுப்பதில்லை. கடைசியாக எதைப் படித்தீர்கள், அதில் எந்த இடம் இன்னும் மனசைக் குடைகிறது என்றுதான் கேட்பேன். அடுத்த புத்தகம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. நன்றாக விற்கிறது என்று வாங்கியவை பல வீடுகளில் பாதியில் கிடக்கின்றன; கேள்வியோடு எடுத்த புத்தகத்துக்கு அந்தக் கதி வருவதில்லை.

செகந்திராபாத் தமிழச்சியான எனக்கு இந்தப் பழக்கம் அசோகமித்திரனிடமிருந்து தொடங்கியது. 1931இல் இதே ஊரில் பிறந்தவர் அவர். 1977இல் வந்த அவருடைய ‘18வது அட்சக்கோடு’ நாவலில் சந்திரசேகரன் கல்லூரிக்குப் போகிறான், கிரிக்கெட் ஆடுகிறான், சைக்கிளில் ஊரைச் சுற்றுகிறான். அவனைச் சுற்றி 1948ஆம் ஆண்டின் ஹைதராபாத் கொதிக்கிறது. அவன் கண்ணுக்கு எட்டிய அளவுதான் நமக்கும் தெரியும். நாவலின் பலமே அதுதான். ஆனால் மூடி வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹைதராபாதை ஆண்ட நிஜாமும் டெல்லியும் 1947 நவம்பரில் ஓராண்டுக்கு இருந்தபடியே இருப்போம் என்று ஒப்பந்தம் போட்டார்களே, பத்து மாதம் முடிவதற்குள் இந்திய ராணுவம் எப்படி உள்ளே வந்தது?

படேலின் சமஸ்தானங்கள் துறைச் செயலாளராக இருந்த வி.பி. மேனன், சமஸ்தானங்களின் இணைப்பைப் பற்றி 1956இல் எழுதிய புத்தகத்தில் விரிவான பதில் இருக்கிறது. ஆனால் அவர் உட்கார்ந்திருந்தது மேஜையின் ஒரு பக்கத்தில். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் நிஜாமின் கடைசிப் பிரதமர் மீர் லாயக் அலி. பாகிஸ்தானுக்குப் போன பிறகு 1962இல் ‘டிராஜெடி ஆஃப் ஹைதராபாத்’ என்று எழுதினார். அதே பேச்சுவார்த்தைகள் இவரிடம் வேறு முகத்தோடு வருகின்றன. ஒருவரை ஒருவர் மறுக்கும் இரண்டு பேரை அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். எந்த வாத்தியாரும் தராத பயிற்சி அது.

இருவரிடமும் இல்லாதது கிராமம். வெட்டி வேலை என்ற பெயரில் கூலியில்லாமல் உழைத்தவர்களைத் தேடித்தான் விவசாயிகளின் தெலங்கானா ஆயுதப் போராட்டம் பற்றிக் கம்யூனிஸ்ட் தலைவர் புச்சலப்பள்ளி சுந்தரய்யா 1972இல் வெளியிட்ட பெரிய நூலுக்குப் போனேன்.

இப்படிப்பட்ட பழைய நூல்களைத் தேட ஞாயிற்றுக்கிழமை அபிட்ஸ் நடைபாதையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கடைகள் ஷட்டர் இறக்கியிருக்க, வாசலில் விரிப்புப் போட்டு புத்தகங்களைக் குவித்திருப்பார்கள். நுழைவுத்தேர்வு கைடுக்கு அடியில் யாரோ ஒருவரின் தன்வரலாறு கிடக்கும். அட்டையில் உள்ள பாராட்டுகளை நான் பார்ப்பதில்லை. கடைசிப் பக்கங்களுக்குப் போய்ப் பெயரடைவில் எனக்குத் தெரிந்த பெயர் உண்டா என்று பார்ப்பேன். பிறகு நடுவில் ஒரு பக்கத்தை நின்றபடியே முழுசாகப் படிப்பேன். முந்தைய வாசகர் பென்சிலால் கோடு போட்டிருந்தால், எந்தப் பக்கத்தோடு கோடு நிற்கிறது என்பதையும் கவனிப்பேன். “தேக்கே லேலோ அம்மா”, பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்பார் கடைக்காரர். அவசரப்படுத்த மாட்டார்.

எடுத்த புத்தகம் ஒட்டவில்லை என்றால்? அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் ஒரு கணக்குச் சொல்கிறார்: 50 பக்கம் வரை பாருங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்துக்கொள்ளலாம். 58 வயதுக்காரருக்கு 42 பக்கம் போதும். நாவலுக்கு இதை நான் அப்படியே ஏற்கிறேன். வரலாற்று நூலில் மட்டும் முதல் பக்கத்திலிருந்து தொடங்காமல், என் கேள்வி இருக்கும் அத்தியாயத்துக்கு நேரே போய்விடுவேன்.

சுந்தரய்யாவை முடித்தபோது, துப்பாக்கி ஏந்திய பெண்கள் தங்கள் வாயால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று மனம் குடைந்தது. ஹைதராபாதின் ஸ்திரீ சக்தி சங்கடனா அமைப்புப் பெண்கள் அவர்களைத் தேடிப்போய்ப் பேசவைத்து, 1986இல் ‘மனக்கு தெலியனி மன சரித்ர’ என்று தெலுங்கில் கொண்டுவந்தார்கள். இப்போது அதைத்தான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் போராளிகளில் ஒருவரான மல்லு ஸ்வராஜ்யம் பேசும் பகுதி வந்திருக்கிறது.