பிரெட்ஸெல் ரொட்டியின் வரலாறு

மேனாட்டுச் சிற்றுண்டிகளுள் பிரெட்ஸெல் என்பது ஒன்று. பிசைந்த கோதுமை மாவைக் கயிறுபோல் திரட்டி, அதன் இரு நுனிகளையும் ஒருமுறை பின்னி, மேலே மடித்து ஒட்டி, உப்புத் தூவிச் சுட்டெடுக்கப்படுவது இது. மூன்று துளைகளையுடைய இதன் உருவத்தை ஒருமுறை கண்டார் மறவார். ஜெர்மனியில் வீதிதோறும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கடைதோறும் விற்கப்படும் இவ்வெளிய பண்டத்துக்கும் ஒரு வரலாறு உண்டோ என ஐயுறுவார் சிலர். உண்டு, அதனோடு கட்டுக்கதைகளும் பல உண்டு. மெய்யும் கதையும் பிரெட்ஸெலின் நுனிகளைப் போலவே பின்னிக் கிடத்தலின், அவற்றைப் பிரித்துக் காண்பதே ஈண்டு நாம் மேற்கொண்ட முயற்சியாகும்.

கதைகளுள் மிகப் பரவியது பின்வருமாறு: கி.பி. 610-ஆம் ஆண்டளவில் இத்தாலி தேசத்து மடமொன்றில் வாழ்ந்த துறவியொருவர், ஜெபங்களைப் பிழையின்றி ஒப்புவித்த சிறுவர்க்குப் பரிசளிக்க எண்ணி, மிஞ்சிய மாவைத் திரட்டி, ஜெபிக்குங்கால் மார்பின்மேற் குறுக்காக மடித்த கைகளின் வடிவாகச் சுட்டுக் கொடுத்தார். 'சிறு பரிசு' எனப் பொருள்படும் 'பிரெட்டியோலா' என்னும் பெயரையும் அதற்கு இட்டார் என்பதாம். கேட்பதற்கு இனிய கதையே. ஆயின் அத்துறவியின் பெயர் யாது, மடம் எவ்வூரது என வினவின் விடையில்லை. அக்காலத்துச் சான்று ஒன்றும் இதற்குக் காட்டப்படவில்லை.

வேறொரு கதை வீரச்சுவை மிக்கது. துருக்கியர் வியன்னா நகரை 1510-இல் முற்றுகையிட்டு, இரவில் மதிலின்கீழ்ச் சுரங்கம் தோண்டினராம். விடியுமுன் எழுந்து பணிசெய்து கொண்டிருந்த ரொட்டி சுடுவோர் அவ்வோசையைக் கேட்டு நகரைக் காத்தனராம். ஆனால், துருக்கியர் வியன்னாவை முதன்முதல் முற்றுகையிட்டது 1529-ஆம் ஆண்டிலேயாம். ஆண்டே பொருந்தாத கதையை எங்ஙனம் நம்புவது? மூன்றாவது கதை தென்மேற்கு ஜெர்மனியிலுள்ள ஊராஹ் என்னும் ஊரினது. மரணதண்டனை பெற்ற ரொட்டிக்காரன் ஒருவனை நோக்கி, சூரியன் மும்முறை ஒளிவிடத்தக்க ரொட்டியொன்றைச் சுடுவாயேல் உயிர் பிழைப்பாய் என எபர்ஹார்ட் பிரபு கூற, அவன் மூன்று துளைகளையுடைய பிரெட்ஸெலைச் சுட்டு உய்ந்தானாம். மூன்றினுள்ளும் நாம் பெரிதும் விரும்புவது இதனையே. எனினும், அப்பிரபு வாழ்ந்தது 15-ஆம் நூற்றாண்டு. அதற்கு முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே பிரெட்ஸெல் ஓவியத்தில் இடம்பெற்றுவிட்டது.

இனி மெய்ச்சான்றுகளைக் காண்போம். முதற்சான்று அதன் பெயரே. ஜெர்மானியர் இதனை 'பிரேட்ஸெல்' என்ப. பழைய ஜெர்மானிய மொழியில் இது 'பிரெட்ஸிட்டெல்லா' என வழங்கிற்று. இதன் வேர், கை எனப் பொருள்படும் 'பிராக்கியும்' என்னும் இலத்தீன் சொல்லாம். ஆகவே, மடித்த கைகளின் வடிவம் என்பது வெறுங்கற்பனையன்று. பெயரிலேயே கை இருக்கின்றது. பரிசு என்பதே பின்வந்தோர் ஒட்டிவைத்தது.

இரண்டாவது சான்று ஓவியம். 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அல்ஸாஸ் நாட்டு ஹோஹென்பர்க் கன்னியர் மடத்தின் தலைவியாகிய ஹெர்ராட் என்னும் அம்மையார், தம் மடத்துப் பெண்களின் கல்விக்காக 'இன்பத்தோட்டம்' எனப் பொருள்படும் பெயரோடு ஒரு பெருநூலைத் தொகுப்பித்தார். அதிலுள்ள ஓவியமொன்றில், அகாஸ்வேரு ராஜாவும் எஸ்தர் ராஜாத்தியும் அமர்ந்த விருந்து மேசையின்மேல் பிரெட்ஸெல் காணப்படுகின்றது. அந்நூலின் மூலப்பிரதி 1870-இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரம் முற்றுகையிடப்பட்டபோது நூலகத்தோடு எரிந்து சாம்பலாயிற்று. அதற்கு முன்னரே அறிஞர் சிலர் படங்களைப் பெயர்த்தெழுதி வைத்தமையாலன்றோ இன்று நாம் இதனைக் கூற முடிகின்றது! அடுத்து, 1440-ஆம் ஆண்டளவில் ஹாலந்து தேசத்தில், கிளீவ்ஸ் நாட்டுக் கதரீன் என்னும் பெருமாட்டிக்காக எழுதப்பட்ட ஜெபநூலில், அப்போஸ்தலனாகிய பர்த்தொலொமேயுவின் உருவத்தைச் சுற்றிலும் பிரெட்ஸெல்களே ஓர அணியாகத் தீட்டப்பட்டுள்ளன. அந்நூல் இன்று நியூயார்க் நகரத்து மார்கன் நூலகத்தில் உள்ளது.

பிரெட்ஸெல் நோன்புணவாக விளங்கியதற்குக் காரணமும் தெளிவானதே. உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முன்னுள்ள லெந்து காலத்தில், இறைச்சியை மட்டுமன்றி முட்டை, பால், கொழுப்பு முதலியவற்றையும் அக்காலத்துக் கிறிஸ்தவர் விலக்கினர். மாவும் நீரும் உப்புமே சேர்ந்த பிரெட்ஸெல் அவ்விதிக்கு முற்றும் ஏற்றதாயிற்று. பீட்டர் புரூகெல் என்னும் பிளெமிஷ் ஓவியர் 1559-இல் தீட்டி, இன்று வியன்னா நகரில் வைக்கப்பட்டுள்ள படத்தில், களியாட்டு விழாவும் லெந்து காலமும் போர்புரிகின்றன. பீப்பாயின்மேல் ஏறிவரும் கொழுத்த மனிதன் களியாட்டு. எலும்புந்தோலுமாய் வண்டியில் அமர்ந்துவரும் உருவம் லெந்து. பிரெட்ஸெல்கள் கிடப்பது யாருடைய பக்கத்தில் எனின், லெந்தின் வண்டியிலேயே. எனினும் எஸ்தரின் விருந்தை நாம் மறத்தலாகாது. நோன்புக்கு மட்டுமே உரிய உணவை அரசர் விருந்தில் எவரும் வரைந்திரார். ஆதலின் தொடக்கமுதலே அஃது இருதிறத்தார்க்கும் பொதுவாக இருந்தது என்பதே நம் கருத்து. ரொட்டி சுடுவோர் சங்கங்களும் இதனையே தம் சின்னமாகக் கொண்டன. இன்றும் ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் ரொட்டிக் கடைகளின் முகப்பில் பொன்னிறப் பிரெட்ஸெல் தொங்கக் காணலாம்.

ஜெர்மானியப் பிரெட்ஸெலின் செம்பழுப்பு நிறமும் தனிச்சுவையும் எங்ஙனம் வந்தன? சுடுவதற்கு முன் அதனைக் காஸ்டிக் சோடா கரைத்த காரநீரில் தோய்த்தெடுக்கின்றனர். நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்கேயாயினும் அந்நீர் தோலைப் புண்ணாக்கவல்லது. எனவே கையுறை அணிந்தே இப்பணி செய்யப்படும். காரம் பட்டவுடன் மாவின் மேற்பரப்பு பசைபோலாகிப் பளபளப்புறும். மாவிலுள்ள புரதக்கூறுகளும் சர்க்கரையும் வெப்பத்தாற் கலந்து பழுப்பாகும் விளைவை மயார் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் 1912-இல் விளக்கினார். காரம் அவ்விளைவை விரைவுபடுத்துகின்றது. அடுப்பின் வெப்பத்தில் அக்காரம் கரியமில வாயுவோடு கூடித் தீங்கற்ற உப்பாக மாறிவிடுதலின் உண்போர் அஞ்சவேண்டுவதில்லை. சுவேபியா நாட்டினர் மெல்லிய கைகளும், கீறிவிட்ட தடித்த வயிறுமாக இதனைச் சுடுவர். பவேரியாவிலோ கைகளும் தடித்திருக்கும். எது சிறந்தது என இரு நாட்டாரும் வழக்காடுவது ஓயவில்லை. பவேரியர் தம் பெயருக்கு ஐரோப்பிய ஐக்கியத்தின் பாதுகாப்பையே 2014-இல் பெற்றுவிட்டனர்.

1683-இல் பிலடெல்பியாவை அடுத்து ஜெர்மன்டவுன் என்னும் குடியிருப்பு தோன்றியது. அதன்பின் பென்ஸில்வேனியாவிற் குடியேறிய ஜெர்மானியர் தம் மொழியோடும் மார்க்கத்தோடும் பிரெட்ஸெலையும் உடன்கொண்டு சென்றனர். அங்கேதான் அது புதியதோர் உருப்பெற்றது. 1861-இல் லிட்டிட்ஸ் என்னும் சிற்றூரில் ஜூலியஸ் ஸ்டர்ஜிஸ் என்பவர், ஈரம் முழுதும் வற்றும்வரை சுட்ட மொறுமொறுப்பான பிரெட்ஸெலை வாணிகப் பொருளாகச் செய்யத் தொடங்கினார். இம்மாற்றம் சிறிதாகத் தோன்றினும் விளைவு பெரிது. மென்மையான பிரெட்ஸெல் அன்றன்றே உண்ணப்படவேண்டியது. மறுநாள் தோல்போல் இழுபடும். உலர்ந்ததோ தகர டப்பாவில் பலநாள் கெடாதிருக்கும்; தொலைதூரத்துக்கும் அனுப்பத்தகும். இங்ஙனம் ரொட்டியாக இருந்தது கொறிக்கும் பண்டமாயிற்று. உப்பு நாவறட்சியை மிகுவிக்குமாதலின் மதுக்கடைக்காரர் இதனைப் பீரோடு வைத்தனர். நோன்பின் வண்டியில் ஏறிவந்தது கடைசியிற் களியாட்டின் பீப்பாயண்டை சேர்ந்தமை வியப்பே.

இத்துணைக்காலமும் மாவை முறுக்குவது கைவேலையாகவே இருந்துவந்தது. பழகியவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 முறுக்குவர். 1935-இல் ரெடிங் நகரத்து நிறுவனமொன்று தானே முறுக்கும் இயந்திரத்தை வெளியிட்டது. அது நிமிடத்துக்கு 245 முறுக்கிற்று. அறுவர் செய்த வேலையை ஒரு பொறி செய்தபின், அந்த அறுவருக்கு ரொட்டிக் கூடத்தில் யாது வேலை? பண்டம் மலிந்தது; கையின் பெயரைத் தாங்கிய ரொட்டியிற் கைபடுவது அரிதாயிற்று.

ஆயினும் மென்மையான பிரெட்ஸெல் மறையவில்லை. பிலடெல்பியா நகர வீதிகளில் அது கடுகுச் சாந்தோடு இன்றும் விற்கப்படுகின்றது. 1988-இல் ஆன் பைலர் என்னும் பெண்மணி பென்ஸில்வேனியாவிலுள்ள சந்தையொன்றில் தொடங்கிய சிறு கடை, பின்னர்ப் பல நாடுகளிலும் கிளைவிட்டது. அங்கெல்லாம் வாங்குவோர் கண்முன்னே மாவைக் கையால் முறுக்குதல் வழக்கம். ஸ்டர்ஜிஸின் பழைய கூடமும் லிட்டிட்ஸில் காட்சிச்சாலையாக நிற்கின்றது. அங்கே செல்வோர்க்குச் சிறிதளவு மாவைக் கொடுத்து, நுனிகளைப் பின்னி மடிக்கும் முறையைக் கற்பிக்கின்றனர்.